வீட்டிலிருந்து கேக் விற்க: தமிழ்நாட்டில் எந்த வேலை முதலில், எது பிறகு

தமிழ்நாட்டில் கடை பிடிக்காமல், வீட்டு அடுப்படியிலேயே கேக், பிரவுனி, குக்கீஸ் செய்து விற்க நினைப்பவர்களுக்கான வழிமுறை இது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பவருக்கும், தெருமுனைக் கடையில் பாக்கெட் போட்டு வைப்பவருக்கும் பெரும்பகுதி பொதுவானதுதான்.

தனித்தனியாகப் பார்த்தால் எந்த விதியும் கடினமில்லை. புதியவர்கள் தடுக்கி விழுவது வரிசையில்தான். முதல் நாளே பெயர் வைத்து, லோகோ வரைந்து, பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். பெட்டி வந்திறங்கிய பிறகு பார்த்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் அதில் இல்லை, சான்றிதழில் வேறு பெயர், முகவரியும் பழையது. பிறகு ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் அச்சுவேலை இந்த வரிசையில் ரொம்பத் தள்ளி வருகிறது.

1. என்ன விற்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, முதல் ஆறு மாதத்தில் விற்கப்போகும் பண்டங்களை மட்டும் எழுதுங்கள். ஆசைப் பட்டியல் வேண்டாம்.

இதை முதலில் செய்வதற்குக் காரணம், உணவுப் பாதுகாப்புப் பதிவில் பண்டங்கள் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. பிரெட், கேக், பிஸ்கட், ரஸ்க் எல்லாம் 7ஆம் வகை, அதாவது பேக்கரிப் பொருள்கள். சாக்லேட்டும் மிட்டாயும் 5ஆம் வகை. பாலில் செய்யும் புட்டிங் பால்பொருள் பக்கம் போய்விடும். கேக்குக்கு மட்டும் பதிவு வாங்கிவிட்டு, தீபாவளிக்குச் சாக்லேட் பெட்டியும் கோடையில் மாங்காய் ஊறுகாயும் சேர்த்து விற்றால், சான்றிதழில் இல்லாத பொருளை விற்பதாகிவிடும்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: முட்டை உண்டா, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதா, எத்தனை நாள் தாங்கும். லேபிள், பெட்டி, டெலிவரி எல்லாமே பின்னால் இந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவாகும். கெட்டுப்போக அதிக நாளாகும் பண்டங்களில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. டீ கேக், பிரவுனி, குக்கீஸ் ஆகியவற்றில் கை பழகட்டும். மே மாத வெயிலில் கிரீம் கேக்கை ஸ்கூட்டரில் வைத்து அனுப்பும் வித்தையைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

2. முகவரியை உறுதி செய்யுங்கள்

பதிவு எண் உங்கள் பெயரோடு ஒட்டியிருக்கும் அளவுக்கு இடத்தோடும் ஒட்டியிருக்கிறது. வீடு மாறினால் பழைய எண் கூடவே வராது. எனவே வாடகை வீட்டில் இருப்பவர், இன்னும் இரண்டு மாதத்தில் காலி செய்யப்போகிறார் என்றால், புது வீட்டுக்குப் போன பிறகே விண்ணப்பிக்கட்டும்.

ஆதாரில் இருக்கும் முகவரியும் கேக் செய்யும் முகவரியும் ஒன்றாக இருந்தால் வேலை சுலபம். வேறாக இருந்தால் இட ஆதாரம் தனியாகக் கேட்பார்கள்: வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது போன்றவை. மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். ஆகவே ஒப்பந்தத்தின் நகலோடு, இந்த வீட்டில் சிறிய அளவில் பேக்கிங் செய்து விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று அவரிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சாகச் சம்மதம் சொன்ன வீட்டுக்காரர், அதிகாரி வந்து நிற்கும்போது அதே வாயால் வேறு சொல்லலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் துணைவிதியைப் படியுங்கள். வீட்டில் வணிகம் கூடாது என்று பலவற்றில் எழுதியிருக்கும். நடைமுறையில் யாரும் கண்டுகொள்வதில்லை. டெலிவரி வண்டிகள் வாசலில் குவியும்வரை. செயலாளரிடம் முன்பே பேசி, ஆர்டர் வாங்க வருபவர்கள் எங்கே நிற்பது என்பதையும் முடிவு செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும்.

3. மின்சாரம், கேஸ், தண்ணீர்

60 லிட்டர் ஓடிஜி (மேசைமேல் வைக்கும் மின் ஓவன்) சுமார் 2000 வாட் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் தனி வயரும் வேண்டும். மிக்சி போடும் சின்ன பிளக்கில் அடாப்டர் மாட்டி ஓட்டினால் பிளக் உருகும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கட்டண வகை. வீட்டு இணைப்பை வேறு பயன்பாட்டுக்குத் திருப்பினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி, பொருந்த வேண்டிய கட்டணத்தின் இரு மடங்கை மின்வாரியம் விதிக்கலாம். வீட்டுச் சமையலோடு கலந்து வாரம் இரண்டு கேக் செய்பவரையும், தனி அறையில் இரண்டு ஓவன் ஓட்டுபவரையும் ஒரே மாதிரி பார்க்கமாட்டார்கள். உங்கள் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளரிடம் நேரில் போய், இன்ன சாதனங்கள், இன்ன வாட், எந்தக் கட்டண வகை பொருந்தும் என்று கேளுங்கள். முடிந்தால் எழுத்தில் கேளுங்கள்.

கேஸில் சந்தேகத்துக்கே இடமில்லை. மானியம் வருகிறதோ இல்லையோ, 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் தொழிலுக்குக் கூடாது. 2000ஆம் ஆண்டின் எரிவாயு விநியோக ஆணை அதைத் தடுக்கிறது. கனாஷ் (சாக்லேட், கிரீம் கலவை) காய்ச்சவும் சர்க்கரைப் பாகு வைக்கவும் 19 கிலோ வணிக சிலிண்டர் பெரிது என்றால், இண்டேனின் ‘சோட்டு’ போன்ற 5 கிலோ சிலிண்டர் போதும். அடையாள அட்டை ஒன்றைக் காட்டினாலே கிடைக்கும். அல்லது அந்த வேலையை இண்டக்ஷனுக்கு மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணறு என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்து, அந்தத் தாளைக் கோப்பில் போடுங்கள். சமையலுக்குக் கேன் தண்ணீர், பாத்திரம் கழுவ உப்புத் தண்ணீர் என்று வைத்திருப்பவர்கள், கழுவிய பாத்திரமும் மாவைத் தொடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

4. அடுப்படியைத் தயார் செய்யுங்கள், விண்ணப்பிக்கும் முன்பே

விண்ணப்பத்திலேயே ‘சுகாதார நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கிறேன்’ என்று உறுதி கொடுக்கிறீர்கள். அந்த நிபந்தனைகள் 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு உரிமம், பதிவு ஒழுங்குமுறையின் 4ஆம் அட்டவணை, முதல் பகுதியில் இருக்கின்றன. சில பக்கம்தான். விண்ணப்பித்த பிறகு எந்த நாளும் பார்க்க வரலாம் என்பதால் இந்த வேலை முன்னால் நிற்கிறது.

வீட்டு அடுப்படிக்கு நடைமுறையில் இது இப்படி முடியும்:

தொழில் சரக்குக்குத் தனி அலமாரி. வீட்டுக்கான மைதாவும் விற்பனைக்கான மைதாவும் ஒரே டப்பாவில் இருந்தால், வண்டு விழுந்த நாளில் எது எந்தக் கேக்குக்குப் போனது என்று சொல்ல முடியாது. வாங்கிய பாக்கெட்டின் காலாவதித் தேதியை வெட்டி டப்பாவில் ஒட்டுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.

ஃபிரிட்ஜில் ஒரு தட்டு தொழிலுக்கு மட்டும். கிரீம், வெண்ணெய், முட்டை மேல்தட்டில் மூடிய டப்பாவில் இருக்கட்டும். மீன், கறி, பாதி அரைத்த மசாலா எதுவும் அவற்றுக்கு மேலே வரக்கூடாது. 5 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்கிறதா என்று பார்க்க, சின்ன வெப்பமானி ஒன்றைப் போட்டு வையுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் நூறு தடவை திறக்கும் ஃபிரிட்ஜ் அந்த 5 டிகிரியில் நிற்காது. ஆர்டர் கூடியதும் முதலில் வாங்க வேண்டியது இரண்டாவது ஃபிரிட்ஜ்தான், பெரிய ஓவன் அதற்குப் பிறகு.

பினாயில், கொசு மருந்து, எலி மருந்து மூன்றும் அடுப்படியை விட்டு வெளியே போகட்டும். குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும். ஜன்னலுக்கு வலை. பூனை, நாய் வளர்க்கிறீர்கள் என்றால் வேலை நேரத்தில் கதவு சாத்தியிருக்க வேண்டும்.

கேக்கைத் தொடும் ஒவ்வொருவருக்கும், அது நீங்கள் ஒருவரே என்றாலும், பதிவு பெற்ற மருத்துவரிடம் உடல் தகுதிச் சான்று வாங்கி ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். டைபாய்டு தடுப்பூசி போட்ட விவரமும் அதில் இருக்கட்டும். உதவிக்கு வரும் அக்காவுக்குச் சான்று வாங்குவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

5. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்; இதுவரை சொல்லிவந்த பதிவு இதுதான். இந்தப் பதிவு இல்லாமல் ஒரு கப்கேக்கும் விற்கக்கூடாது. ‘தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தானே கொடுக்கிறேன்’ என்பது சட்டத்தில் இல்லாத விலக்கு. காசு வாங்கினால் விற்பனைதான்.

பதிவா, உரிமமா? 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, சிறு உற்பத்தியாளருக்கு உரிமத்துக்குப் பதில் பதிவு போதும் என்கிறது. 2011 ஒழுங்குமுறை முதலில் வகுத்த எல்லை: ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை, நாளுக்கு 100 கிலோ உற்பத்தி வரை. அதில் சொன்ன கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். எல்லையும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுபவை, ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் ஆணையத்தின் போஸ்காஸ் (FoSCoS) இணையதளம் காட்டும் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கணக்கில் வருவது விற்றுமுதல், லாபமில்லை. மாதம் இருபதாயிரம் மிஞ்சுகிறது என்பவரின் விற்பனை அறுபதாயிரமாக இருக்கலாம்.

எந்தத் தளம்? அரசின் தளம் போஸ்காஸ் ஒன்றுதான். தேடுபொறியில் தட்டினால் மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் தனியார் தளங்கள். அரசுத் தளம் போலவே நிறமும் சின்னமும் போட்டுக்கொண்டு, நூறு ரூபாய் வேலைக்கு ஆயிரங்களில் வாங்குகிறார்கள். தளத்தின் பெயர் இந்திய அரசின் அடையாளமான gov.in என்று முடிகிறதா என்று முகவரிப் பட்டையில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கணினி பழக்கமில்லை என்றால் இ-சேவை மையத்துக்குப் போகலாம். ஆனால் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். மையத்துக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, துறை கேட்ட கேள்வி கண்ணில் படாமலே விண்ணப்பம் தள்ளுபடியாவது சர்வசாதாரணம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பாஸ்போர்ட் அளவுப் படம், ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, தேவைப்பட்டால் இட ஆதாரம். படங்களை முன்பே சின்ன அளவில் சேமித்துக்கொண்டால் பதிவேற்றும்போது இழுபறி இருக்காது.

நிரப்பும்போது கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று.

தொழில் வகை: நீங்களே செய்வதால் சிறு உற்பத்தியாளர் என்பதில் தொடங்குங்கள். வாங்கி விற்கும் சில்லறை வியாபாரி என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தவர்கள், பிறகு கடைகளுக்குச் சரக்குப் போடும்போது ‘உற்பத்திக்குச் சான்று எங்கே’ என்ற கேள்வியில் மாட்டுகிறார்கள். வீட்டு உணவகம் என்றொரு வகையும் கண்ணில் படும். அது சாப்பாடு சமைத்துக் கொடுப்பவருக்கானது.

பண்ட வகை: முதல் படியில் எழுதிய தாளை எடுத்துவைத்து, ஒன்றுவிடாமல் குறியுங்கள்.

பெயர்: விண்ணப்பதாரர் பெயரும் தொழிலின் பெயரும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு, உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு), லேபிள் எல்லாம் இதைப் பின்தொடரும். பெயரை முடிவு செய்ய இதுதான் கடைசி வாய்ப்பு.

அனுப்பியதும் ஒரு குறிப்பு எண் வரும். அது பதிவு எண் இல்லை. அதைப் பெட்டியில் அச்சடித்தவர்களும் இருக்கிறார்கள். பதிவு எண் 14 இலக்கம், சான்றிதழோடுதான் வரும். அதிகாரி ஏழு நாளுக்குள் பதிவைக் கொடுக்க வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது பார்வையிட வருவதாகச் சொல்ல வேண்டும். பார்வையிடுவதானால் 30 நாளுக்குள் முடிவு தெரிய வேண்டும். துறை விளக்கம் கேட்டால் 30 நாளுக்குள் பதில் போடுங்கள். விட்டுவிட்டால் விண்ணப்பம் தானாக முடிந்துபோகும், கட்டிய பணமும் திரும்பாது. இரண்டு நாளுக்கொரு தடவை உள்நுழைந்து பாருங்கள்.

சான்றிதழ் வந்ததும் அச்செடுத்து, கேக் செய்யும் இடத்தில் கண்ணில் படும்படி மாட்டுங்கள். காலாவதித் தேதி போட்டிருந்தால் அதற்கு இரண்டு மாதம் முன்பே கைபேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

6. உள்ளாட்சி, உத்யம், ஜிஎஸ்டி

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்று இருந்தால் தொழில் உரிமம் வேண்டாம் என்று நினைப்பது தவறு. அது வேறு சட்டம், வேறு அலுவலகம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதில் வீடு இருக்கிறதோ அங்கே போய், வீட்டில் இந்த அளவில் பேக்கிங் செய்ய உரிமம் வேண்டுமா, சொத்துவரியில் மாற்றம் வருமா என்று கேளுங்கள். ஊருக்கு ஊர் நடைமுறை மாறுகிறது. பக்கத்து ஊர்த் தோழி சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். நடப்புக் கணக்கு திறக்கவும் கடன் கேட்கவும் உதவும். கட்டாயமில்லை.

ஜிஎஸ்டிக்கு, தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. ஆனால் வரி விதிக்கக்கூடிய சரக்கைப் பெங்களூருக்கு ஒரு பிரவுனி பெட்டியாகக் கூரியரில் விற்றாலும் மாநிலம் தாண்டிய விற்பனை. அங்கே இந்த வரம்பு உதவாது. இணையவழிச் சந்தைகளில் விற்கப் போனாலும் முதலில் ஒரு கணக்காளரைக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட் வகைகளுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஜிஎஸ்டி எண் இல்லாதவர் பில்லில் இந்த 5 சதவீதத்தைச் சேர்த்து வாங்கக்கூடாது.

7. தராசு

கிலோ கணக்கில் விற்கிறீர்கள் என்றால் உங்கள் தராசு முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும். இணையத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய சமையல் தராசில் மாவு அளக்கலாம், விற்பனைக்கு அளக்க முடியாது. எடையளவுத் தராசு விற்கும் உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் முதல் முத்திரையோடே வரும். பிறகு எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொருமுறை மறுமுத்திரை. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறையின் கீழ் வரும் சட்டமுறை எடையளவுப் பிரிவு.

எடை என்றால் தின்னும் பண்டத்தின் எடை. கேக் போர்டு, உள்ளே நிறுத்தும் குச்சி, மேலே செருகும் அலங்கார டாப்பர் எல்லாவற்றோடும் தூக்கி வைத்து ‘ஒரு கிலோ’ என்று எழுதுவது இந்தத் தொழிலில் ஊறிப்போன பழக்கம். கனமான போர்டே நூறு கிராமுக்கு மேல் இருக்கும். வெறும் போர்டை முதலில் வைத்து, தராசைச் சுழியாக்கிவிட்டு அலங்கரிக்கத் தொடங்குங்கள்.

பாக்கெட் போட்டு விற்பவர்கள் இதே துறையில் பொட்டலமிடுபவராகவும் பதிய வேண்டும். பொட்டலமிடத் தொடங்கிய 90 நாளுக்குள் என்பது 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதி. பேக்கிங் கற்றுத்தரும் வகுப்புகளில் இதை யாரும் சொல்வதில்லை.

8. கேக்குக்குள் என்ன போகலாம், என்ன கூடாது

நிறம்: கடையில் ‘கேக் கலர்’ என்று கொடுப்பதெல்லாம் உணவு நிறமாகிவிடாது. பாட்டிலில் நிறத்தின் பெயர், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், தொகுதி எண் (பேட்ச் நம்பர்) மூன்றும் இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாடு தடை விதித்தது நினைவிருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் கர்நாடகத்தில் ரெட் வெல்வெட், பிளாக் ஃபாரஸ்ட் கேக்குகளில் செயற்கை நிறம் அதிகம் என்று அந்த மாநிலத் துறை எச்சரித்தது. அனுமதிக்கப்பட்ட நிறத்துக்கும் அளவு உண்டு: பொதுவாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகைக்கும் குறைவு. குங்குமச் சிவப்பில்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளரிடம் ‘அந்தச் சிவப்பு வராது’ என்று சொல்லப் பழகுங்கள்.

மினுமினுப்புத் தூள்: ‘நச்சில்லாதது’ என்று எழுதியிருந்தால் தின்னலாம் என்று அர்த்தமில்லை. சிலேட்டுச் சாக்பீஸும் நச்சில்லாததுதான். உண்ணத்தக்கது என்ற அறிவிப்பும் சேர்மானப் பட்டியலும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பூ: இயற்கை அலங்காரம் என்று அரளியைக் கேக்கில் செருகிய படங்களைப் பார்த்திருக்கிறேன். அரளி விஷம். பூக்கடை ரோஜாவில் மருந்து அடித்திருப்பார்கள், காம்பை நேரடியாகக் கிரீமுக்குள் குத்தக்கூடாது.

முட்டை: வேகாத முட்டையில் செய்த மயோனைசுக்குத் தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது, சால்மொனெல்லா கிருமிக்குப் பயந்துதான். தடை மயோனைசுக்கு என்றாலும், பச்சை முட்டை போட்ட மூஸ், டிராமிசு, ஐசிங் எல்லாவற்றிலும் இருப்பது அதே ஆபத்து. வேகாத முட்டை வரும் செய்முறையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

கொழுப்பு: 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு, அவை சேர்த்த உணவு எதிலும் தொழில்முறை டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயை ஆலையில் கெட்டியாக்கும்போது உண்டாவது), மொத்தக் கொழுப்பில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உதிரியாகத் தொன்னையில் அள்ளித் தரும் மார்ஜரினுக்கு (வெண்ணெய்க்குப் பதில் போடும் கொழுப்பு) லேபிளே இல்லை. அது 2 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

கிறிஸ்துமஸ் நேரத்தில் பிளம் கேக்கோடு வீட்டு ஒயினும் விற்கும் வழக்கம் இருக்கிறது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் மது காய்ச்சுவதும் விற்பதும் குற்றம். பேக்கரிப் பதிவு அதற்குக் குடை பிடிக்காது.

9. லேபிள்

முன்கூட்டியே பொட்டலமிட்டு வைக்கும் குக்கீஸ், பிரவுனி, ரஸ்க் எல்லாவற்றுக்கும் முழு லேபிள் வேண்டும். ஆர்டருக்குச் செய்து கையில் கொடுக்கும் பிறந்தநாள் கேக்குக்கும், சேர்மானம், செய்த தேதி, எப்போதுக்குள் சாப்பிட வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்கவும் என்று ஒரு சின்ன அட்டை கொடுங்கள். தகராறு வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்த அட்டைதான்.

2020ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறையும் எடையளவு விதியும் சேர்ந்து கேட்பவை: பண்டத்தின் பெயர், சேர்மானங்கள் எடை இறங்குவரிசையில், ஊட்டச்சத்து விவரம், சைவ அல்லது அசைவக் குறி, ஒவ்வாமை அறிவிப்பு, நிகர எடை, எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கு என்ன விலை, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உங்கள் பெயரும் முகவரியும், புகார் தொடர்பு எண், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் பதிவு எண்ணும்.

இதில் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழைகள்:

முட்டை போட்ட கேக்குக்குப் பச்சைப் புள்ளி. விதியில் முட்டை அசைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் வர வேண்டும். விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் அப்படியே; அது சேர்ந்த மார்ஷ்மெல்லோ ஒட்டிய ‘எக்லெஸ்’ (முட்டையில்லாத) கேக் சைவம் ஆகாது. மாமி ஒருவர் நம்பி வாங்கிச் சாப்பிட்டபின் தெரியவந்தால் அபராதத்தைவிடப் பெரிய பிரச்சினை அது.

‘பெஸ்ட் பிஃபோர்’ மட்டும் போடுவது. காலாவதித் தேதி கட்டாயம், பெஸ்ட் பிஃபோர் கூடுதலாக வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தேதியை இன்னொருவர் லேபிளைப் பார்த்து எழுதாதீர்கள். உங்கள் பண்டத்தை, உங்கள் பாக்கெட்டில், உங்கள் ஊர் வெயிலில் வைத்து, தினம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வாசனை மாறும் நாளுக்கு நன்றாக முன்னால் கோடு போடுங்கள்.

தமிழில் மட்டும் அச்சடிப்பது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தே ஆக வேண்டும் என்கிறது விதி. தமிழைக் கூடவே சேர்க்கத் தடையில்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனாலும் விதி அதுதான்.

ஒவ்வாமை வரியை விடுவது. கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி பாதாம் வகை, சோயா இவை இருந்தால் தனியாகச் சொல்ல வேண்டும். முந்திரி போடாத கேக்கையும் அதே பீட்டரில் அடிக்கிறீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள்.

பெருமை பேசும் சொற்கள் தனிக் கண்ணி. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை போட்டதை ‘சுகர் ஃப்ரீ’ என்று விற்கிறார்கள். 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அந்தச் சொல்லைப் போடக்கூடாது, கருப்பட்டியில் இருப்பதும் சர்க்கரைதான். க்ளூட்டன் என்பது கோதுமையிலேயே இருக்கும் புரதம், ஆகவே கோதுமை கேக் ‘க்ளூட்டன் ஃப்ரீ’ ஆகாது. ‘ஆர்கானிக்’ என்பதற்குச் சான்றிதழ் முறை இருக்கிறது. உழவர் சந்தையில் வாங்கினேன் என்பது சான்றாகாது. தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரையும், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இன்ஸ்டாகிராம் பதிவும் விளம்பரம்தான். ‘மைதா இல்லை, கருப்பட்டி சேர்த்தது’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும், வாங்குபவர்கள் வாங்கத்தான் செய்வார்கள்.

10. இப்போது பெட்டி

எண், பெயர், முகவரி, லேபிள் எல்லாம் முடிந்தபின் அச்சகத்துக்குப் போங்கள். அப்போதும் பெட்டியில் பெயரும் லோகோவும் மட்டும் அச்சடித்து, மாறக்கூடிய விவரங்களை ஸ்டிக்கரில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடிமன் பேதமில்லாமல் தடை; துணி மாதிரித் தெரியும் நெய்யாத பாலிப்ரொப்பிலீன் பைக்கும் சேர்த்து. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த தடையில், கேக்கோடு கொடுக்கும் பிளாஸ்டிக் கத்தி, ஸ்பூன், முள்கரண்டி, இனிப்புப் பெட்டியைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள், அலங்காரத் தெர்மகோல் எல்லாம் வருகின்றன. மொத்தக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது என்பதால் செல்லும் என்று எண்ணாதீர்கள். மரக் கத்தி, தாள் பை, காகித அட்டை போதும். பண்டத்தைச் செய்தித்தாளில் வைக்கவோ, எண்ணெய் ஒற்றவோ கூடாது.

11. முதல் ஆர்டரும் பில்லும்

2022 ஜனவரி முதல் பில்லில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும். கணினி பில் வேண்டியதில்லை. ரப்பர் ஸ்டாம்ப் குத்திய சாதாரண பில் புத்தகமே நடக்கும்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளும் எழுதுங்கள்: தேதி, என்ன செய்தது, எந்த மைதா, எந்த வெண்ணெய், அவற்றின் தொகுதி எண், யாருக்குப் போனது. ஒருவர் வயிற்றுவலி என்று அழைத்தால், அதே தொகுதி வேறு யாருக்குப் போயிருக்கிறது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க இதுதான் வழி. விற்றுமுதலைக் கூட்டவும் இதே நோட்டு.

12. அதிகாரி வந்தால்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் முதலில் அடையாள அட்டையைப் பாருங்கள், பிறகு சான்றிதழ், மருத்துவச் சான்று, தண்ணீர்ப் பரிசோதனைத் தாள், நோட்டு நான்கையும் ஒரே கோப்பாக நீட்டுங்கள். குறை கண்டால் திருத்த அறிவிப்பு தரலாம். அதில் குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. மாதிரி எடுத்தால் அதற்கான விலையை அவர் கொடுக்க வேண்டும், மாதிரியை நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும். நான்காவது பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நீங்கள் அப்போதே எழுதிக் கேட்கலாம், செலவு உங்களுடையது. அறிக்கை பாதகமாக வந்தால் மேல்முறையீடு செய்ய 30 நாள்.

விற்பனை பதிவு எல்லையை நெருங்கும் மாதத்திலேயே மாநில உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். தாண்டியபின் பழைய பதிவு எண்ணில் விற்பது, எண் இல்லாமல் விற்பதற்குச் சமம். தொழிலை நிறுத்துவதானாலும் பதிவைத் தளத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். உங்கள் எண் அச்சடித்த மீதிப் பெட்டிகளை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்; அதில் போகும் கேக்குக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.